கடை முகப்பில் வினைல் ஒட்டுவது எப்படி: தொழிலுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கடை முகப்பில் ஒட்டிய வினைல், அதாவது பின்புறம் பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஓராண்டுக்குள் ஓரம் தூக்கிக்கொண்டால், பழி பெரும்பாலும் ஒட்டியவரின் கை மீதோ வாங்கிய ரோல் மீதோதான் விழும். ஆனால் அதற்கான காரணம் பல வேளைகளில் ஒட்டுவதற்கு முன்பே உருவாகிவிட்டிருக்கும். அளவெடுத்ததிலோ, பரப்பைச் சோதித்ததிலோ, துடைத்ததிலோ அது கிடக்கும். எனவே இங்கே ஒட்டும் வேலையைவிட அதற்கு முந்தைய வேலைகளுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். நம் ஊர்க் கடைத்தெருவில் சாதாரணமாகக் காணும் முகப்பை எடுத்துக்கொள்வோம்: மேலே ஏசிபி ஷீட்டில் (இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் வைத்த பலகை) செய்த பெயர்ப்பலகை, அதன் கீழே நிலையான கண்ணாடியும் ஒரு கண்ணாடிக் கதவும், இரவில் இறக்கும் ஷட்டர். பிளாட்டரில் (கணினி வழி வினைல் வெட்டும் இயந்திரம்) வெட்டிய எழுத்து, அச்சிட்ட படம், ஒன்வே விஷன் (வெளியே படமும் உள்ளிருந்து தெருவும் தெரியும் துளையிட்ட வினைல்) ஆகிய மூன்றும் இந்த ஒரே முகப்பில் தேவைப்படலாம்.

முகப்பைப் பார்த்து அளவெடுத்தல்

முதல் முறை கடைக்குப் போகும்போது டேப், ரசமட்டம், ஒரு துணி, கொஞ்சம் மாஸ்கிங் டேப் ஆகியவை கையில் இருக்கட்டும். கண்ணாடியின் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என்று மூன்று இடத்திலும் எடுத்து, அவற்றில் சிறியதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கட்டடத்தின் திறப்புகள் சரியான செங்கோணத்தில் அமைவது அரிது. ஒரே ஓர் அளவை நம்பி முழுக் கண்ணாடிக்கும் படம் அச்சிட்டால் ஒரு மூலையில் கால் அங்குலம் மிஞ்சும், எதிர் மூலையில் அதே அளவு குறையும். வெளியே தெரியும் கண்ணாடியை மட்டும் அளந்து, கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் ரப்பர் பட்டையான பீடிங்கிலிருந்து சுற்றிலும் 3 மி.மீ. உள்ளே தள்ளி வினைல் முடியுமாறு திட்டமிடுங்கள். பீடிங்கின் மேல் ஏறிய வினைல் அங்கிருந்துதான் முதலில் உரியத் தொடங்கும்.

கதவின் கைப்பிடி, பூட்டு, கீல் ஆகியவை எங்கே வருகின்றன என்பதைப் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நகரும் கண்ணாடிக் கதவு என்றால், ஒரு பலகம் இன்னொன்றின் முன்னால் வழுக்கிப்போகும்போது எந்தப் பக்கம் உரசுகிறது என்று கதவை ஓட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். உரசும் பக்கத்தில் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் சில மாதங்களில் கோடு விழுந்துவிடும்.

அடுத்து, கண்ணாடியின் தன்மை. சாதாரணக் கண்ணாடியில் கருமையான வினைலைப் பெரும்பரப்பில் ஒட்டினால், மூடிய பகுதி வெயிலில் சூடேறி விரியும். சட்டத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்போ குளிர்ந்தே இருக்கும். இந்த வேறுபாட்டில் கண்ணாடி விரிசல் விடக்கூடும். சூடேற்றி வலுவூட்டிய டஃபன்ட் கண்ணாடி இதை நன்றாகத் தாங்கும். வழக்கமாக அதன் மூலையில் தயாரிப்பாளரின் சிறிய முத்திரை இருக்கும், தேடிப் பாருங்கள். முத்திரை தென்படாத மேற்குப் பார்த்த கண்ணாடிக்கு முழுக் கறுப்புப் பின்னணி கேட்கும் உரிமையாளரிடம், வெளிர் நிறமோ தனி எழுத்துகளோ போதும் என்று அப்போதே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. உட்புறத்தில் ஏற்கெனவே வெயிலைத் தடுக்கும் கூலிங் ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா என்பதையும் விரல் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். அதன் மேல் வினைல் ஒட்டினால், பின்னாளில் உரிக்கும்போது ஃபிலிமும் சேர்ந்தே வரலாம்.

வெளியே ஒட்டுவதா, உள்ளே ஒட்டுவதா? உள்ளே ஒட்டினால் மழை, வெயில், நகம், சாவி எதுவும் தொடாது. ஆனால் கண்ணாடி தெளிவானதாக இருந்தால்தான் அது பயன்படும். கூலிங் கண்ணாடிக்கு உள்ளே ஒட்டிய எழுத்து பகலில் தெருவிலிருந்து தெரியவே தெரியாது. உள்ளே ஒட்டுவதற்கு எழுத்தை இடவலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாக வெட்ட வேண்டும் என்பதை வேலைத்தாளில் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஏசிபி ஷீட் நல்ல பரப்பு. அதன் மேலுள்ள பாதுகாப்பு ஃபிலிமை முழுமையாக உரித்த பிறகே எதையும் ஒட்ட வேண்டும் என்பது மட்டும் நினைவிலிருக்கட்டும். ஷீட்டுகளின் இணைப்பில் பூசிய சிலிக்கானில் வினைல் பிடிக்காது. எனவே இணைப்பின் மேல் பாலம்போல் வினைலை இழுத்து ஒட்டாமல், இருபுறமும் ஒன்றிரண்டு மி.மீ. விட்டு வெட்டிவிடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பலகை என்றால் குறைந்தது ஒரு வாரமாவது காய விட வேண்டும், ஏனெனில் பெயின்டிலிருந்து வெளியேறும் ஆவி வினைலுக்கு அடியில் குமிழியாகத் தங்கும். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் பூசிய சுவரில் ஒட்டவே வேண்டாம். சந்தேகமிருந்தால் ஒரு துண்டு டேப்பை அழுத்தி ஒட்டிப் படக்கென்று பிடுங்குங்கள். டேப்பில் மாவு ஒட்டி வந்தால் அந்தச் சுவர் வினைலுக்கு ஆகாது. ஷட்டரைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: சுருளும்போது ஒவ்வொரு பட்டையும் மற்றொன்றோடு உரசுகிறது, கிரீஸும் கசிகிறது. அங்கே பெயின்டரை அழைப்பதே உரிமையாளருக்கு இலாபம்.

எந்த வினைல்

கடையில் ரோல் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது காஸ்ட் வகையா காலண்டர்டு வகையா என்பது. உருளைகளுக்கிடையே அழுத்தி நீட்டித் தட்டையாக்குவது காலண்டர்டு. நீட்டப்பட்ட அந்தப் பொருள் வெயில் படும்போது சுருங்கவே முயலும். திரவமாக ஊற்றிச் சூட்டில் காய வைத்துச் செய்வது காஸ்ட். ஏறக்குறைய 50 மைக்ரான் கனமே இருந்தாலும் அது சுருங்குவது மிகக் குறைவு, வளைவுகளிலும் படியும். காலண்டர்டிலும் மோனோமெரிக், பாலிமெரிக் என்று இரண்டு உண்டு. மலிவான மோனோமெரிக், குறுகிய காலச் சலுகை அறிவிப்புகளுக்கு மட்டுமே ஏற்றது. சமமான கண்ணாடிக்கும் ஏசிபிக்கும் பாலிமெரிக் போதுமானது. விலை கூடிய காஸ்ட் வகையை வளைவு, ஆழமான பள்ளம், வாகனம் போன்றவற்றுக்கு ஒதுக்குங்கள்.

சால்வென்ட் மையில் அச்சிட்ட படத்தை உடனே லேமினேட் செய்யக் கூடாது, அதாவது அதன் மேல் தெளிவான பாதுகாப்பு ஃபிலிமை ஒட்டக் கூடாது. குறைந்தது 24 மணி நேரம், ரோலைத் தளர்வாக நிறுத்தியோ விரித்தோ காய வைத்தால்தான் மையிலுள்ள கரைப்பான் வெளியேறும். அது உள்ளேயே சிக்கிக்கொண்டால் பசையை இளக்கி, ஓரங்களைச் சுருட்டிவிடும். திறப்பு விழா முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை வந்து, 'இன்றிரவே வேண்டும்' என்று நிற்பவர்களிடம் இதைத்தான் முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. ஆவணியிலும் தையிலும் இந்த அவசரம் தினசரி வழக்கமாகிவிடும்.

எழுத்தும் விதியும்

தமிழ்நாட்டில் கடையின் பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளிலேயே உள்ளது. பிற மொழிகளையும் சேர்க்கும்போது தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் இடம்பெற வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். வடிவமைக்கும்போதே இதைச் செய்துவிட்டால், பின்னர் அதிகாரி வந்து கேட்கும்போது பலகையை மாற்றும் செலவு மிச்சம். கட்டடத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை என்றால் உள்ளாட்சி அமைப்பிடமும் கட்டட உரிமையாளரிடமும் அனுமதி பெற்றாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்தின் உயரத்துக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் உயரம். எதிர்ச்சாரிக் கடையிலிருந்து, அதாவது 40 அடியிலிருந்து, படிக்க வேண்டுமானால் 4 அங்குலம். ஆனால் இது ஆங்கிலப் பெரிய எழுத்தை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கு. ஞ, ணை, றூ போன்ற சுழிகள் நிறைந்த நம் எழுத்துகளுக்கு ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

கோப்பை வெட்டுக்கு அனுப்பும் முன் எழுத்துகள் அனைத்தையும் வளைகோடுகளாக மாற்றிவிடுங்கள். ஒருவர் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் இன்னொருவர் யூனிகோடிலும் தட்டச்சு செய்திருந்தால், வேறு கணினியில் திறந்ததும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதன் பிறகு வடிவத்தைத் தாளில் எடுத்து, பெயர், ஒற்று, தொலைபேசி எண் ஆகியவற்றை உரிமையாளரைப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். 'மருந்துக்கடை' என்பதில் ஒரு க் விடுபட்டது ஒட்டிய பிறகு தெரியவந்தால், யார் செலவு என்ற வாக்குவாதத்துக்கு முடிவே இருக்காது.

வெட்டுதலும் உரித்தலும்

பிளாட்டர் பிளேடு வினைலை மட்டும் வெட்ட வேண்டும்; பின்பக்கக் காகிதத்தில் மெல்லிய கோடு விழலாம், கிழியக் கூடாது. ஒவ்வொரு புது ரோலுக்கும் மூலையில் ஒரு சிறு சதுரம் வெட்டி உரித்துப் பார்த்த பிறகே முழு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து, எழுத்தைச் சுற்றியுள்ள தேவையற்ற வினைலை உரித்தெடுக்கும் வேலை. தமிழில் இது ஆங்கில எழுத்தைவிடக் கூடுதல் பொறுமை கேட்கும், காரணம் புள்ளி. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி, எழுத்தோடு ஒட்டாத தனித்துண்டு. வேகமாக இழுத்தால் அந்தப் பொட்டளவு வட்டம் கழிவோடு சேர்ந்து எழும்பி, குப்பைக்கூடைக்குப் போய்விடும். அப்போது 'பட்டு' என்பது 'படடு' என்றே கண்ணாடியில் ஏறும். எனவே கழிவை மேல்நோக்கித் தூக்காமல், காகிதத்தோடு படிந்தாற்போல் மடக்கி இழுத்து, புள்ளி வரும் இடங்களில் நின்று, கத்தி முனையால் புள்ளியை அழுத்திப் பிடித்துக்கொண்டு தொடருங்கள். ட, ம போன்றவற்றில் தொல்லை இல்லை. ஞ, ழ, ஜ, ணி ஆகியவற்றின் உட்சுழிகளை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். உரித்து முடித்ததும், அச்சிட்ட தாளை அருகில் வைத்துக்கொண்டு புள்ளிகளை எண்ணிச் சரிபார்த்து, அதன் பின்பே மேலே டிரான்ஸ்ஃபர் டேப்பை (எழுத்துகளை இடம் மாறாமல் தூக்கிச் செல்லும் அகன்ற டேப்) ஒட்டி, ஸ்குவீஜியால் (தேய்த்து அழுத்தும் தட்டையான பிளாஸ்டிக் தகடு) தேயுங்கள். ஓர் அங்குலத்துக்குக் குறைந்த உயரமுள்ள மெல்லிய எழுத்தை வெட்டாமல் அச்சிட்டுக் கொடுப்பது நல்லது.

துடைத்தல்

புதுக் கடையின் கண்ணாடியில் சிமெண்டுத் துளி, பெயின்டுத் துளி, ஸ்டிக்கர் பசை ஆகியவை நிச்சயம் இருக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து, கண்ணாடி ஈரமாக இருக்கும்போதே புது பிளேடு போட்ட சுரண்டியைத் தட்டையாகப் பிடித்து ஒரே திசையில் ஓட்டுங்கள். முன்னும் பின்னும் அரக்கினால் சிக்கிய மணல் கீறிவிடும். இது கண்ணாடிக்கு மட்டுமே; ஏசிபியில் பிளேடு படக் கூடாது. பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்து, அது தானாக ஆவியாவதற்கு முன்பே மற்றொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தானாக உலர விட்டால், கரைந்த எண்ணெய்ப் பிசுக்கு மறுபடியும் அங்கேயே படியும். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் எண்ணெய்ப் படலம் விடும். தின்னர் ஏசிபியின் பூச்சைக் கெடுக்கும். கடையில் விற்கும் நறுமணக் கண்ணாடித் திரவங்கள் பலவும் தம் பங்குக்கு ஒரு படலத்தை விட்டுச்செல்பவை. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றின் படிவு இருப்பதால் தண்ணீரில் ஒரு முறை கூடுதலாகக் கழுவுங்கள். விளிம்புகளையும் மூலைகளையும் துணி சுற்றிய விரலால் தனியாகத் துடைக்க வேண்டும், ஏனெனில் உரிதல் எப்போதும் அங்கிருந்தே தொடங்குகிறது.

நேரம்

பெரும்பாலான வினைல்களுக்குப் பரப்பின் சூடு 10 முதல் 35 டிகிரி வரை இருப்பது ஏற்றது. நம் ஊரில் கீழெல்லை பற்றிய கவலை இல்லை; மேலெல்லைதான் சிக்கல். கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மேற்குப் பார்த்த கறுப்பு ஏசிபியில் உள்ளங்கையை வைத்திருக்க முடியாது. அந்தச் சூட்டில் பசை தொட்டதும் பிடித்துக்கொள்ளும், இளகிய வினைல் இழுத்த பக்கமெல்லாம் நீளும், இரவில் குளிர்ந்ததும் சுருங்கி ஓரத்தை இழுக்கும். காலை ஒன்பதுக்குள் அல்லது வெயில் சாய்ந்த பிறகு வேலை செய்யுங்கள். ஏசி ஓடும் கடைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: புழுக்கமான நாளில் கண்ணாடியின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் பூத்திருக்கும். ஒட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை நாள்களில் மழை விட்டவுடன் தொடங்காமல் பரப்பு முழுமையாக உலரும்வரை காத்திருங்கள்.

ஒட்டுதல்

எழுத்துப் பட்டையைப் பின்பக்கக் காகிதத்தோடு மாஸ்கிங் டேப்பால் கண்ணாடியில் தற்காலிகமாக நிறுத்துங்கள். ரசமட்டம் வைத்துக் கோடு பாருங்கள், ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம்: கண்ணாடிச் சட்டமே சாய்வாக இருந்தால், மட்டம் சரியாக உள்ள எழுத்துதான் கோணலாகத் தெரியும். பார்ப்பவர் கண் சட்டத்தோடுதான் ஒப்பிடும், எனவே சட்டத்தோடு இணையாக நிறுத்துங்கள். இந்த நிலையில் உரிமையாளரைத் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு அழைத்துச் சென்று காட்டுவது கட்டாயம். 'இன்னும் கொஞ்சம் மேலே' என்பதை அவர் இப்போது சொல்லட்டும்.

இனி நடுக்கீல் முறை. பட்டையின் நடுவில், மேலிருந்து கீழாக, ஒரு மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தமாக ஒட்டுங்கள். அதுதான் கீல். இடப்பக்கத் தற்காலிக டேப்புகளை எடுத்து, அந்தப் பாதியைக் கீல் வரை மடக்கி, பின்பக்கக் காகிதத்தைக் கீல் வரை உரித்துக் கத்திரியால் வெட்டி எடுங்கள். உதவியாளர் பட்டையைக் கண்ணாடியில் படாமல் சற்றே இழுத்துப் பிடித்திருக்க, நீங்கள் ஸ்குவீஜியை ஏறத்தாழ 45 டிகிரி சாய்த்து, கீலிலிருந்து வெளிப்புறமாக, ஒவ்வோர் இழுப்பும் முந்தையதன் மேல் பாதி ஏறுமாறு தேய்த்துச் செல்லுங்கள். பிறகு கீலை எடுத்துவிட்டு வலப்பாதியை அதேபோல் முடியுங்கள். டிரான்ஸ்ஃபர் டேப்பை நேராக முன்னோக்கி இழுக்காமல், தன் மேலேயே மடங்கி வருமாறு மெல்ல உரிக்க வேண்டும். எழுத்தின் காலோ புள்ளியோ கூடவே எழுந்தால் அங்கேயே நிறுத்தி, திரும்பப் படுக்க வைத்துத் தேய்த்துவிட்டுத் தொடருங்கள்.

கண்ணாடியைப் பனி படர்ந்தாற்போல் மங்கலாக்கும் பெரிய பிராஸ்டட் ஃபிலிமுக்கும் முழுக் கண்ணாடிப் படத்துக்கும் ஈரமுறை எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். நுரை பொங்குமளவு ஊற்றினால் பசை பிடிக்காது. போர் தண்ணீரை எடுக்காதீர்கள், கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்: உப்புத் தண்ணீர் காய்ந்ததும் ஃபிலிமுக்கு அடியில் வெள்ளைத் திட்டு நிற்கும், அதை வெளியே இருந்து துடைக்க வழியில்லை. ஈரம் தெளித்து, ஃபிலிமை மிதக்க விட்டு இடம் சரிசெய்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளி வெளியேற்றுங்கள். டிரான்ஸ்ஃபர் டேப் இருந்தால் அரை மணி நேரம் கழித்து உரியுங்கள்.

ஒன்வே விஷனுக்கு ஈரமுறை கூடாது. துளைகளில் தண்ணீர் தங்கிவிடும். அதை உலர்ந்த நிலையில் மேலிருந்து கீழாக, இழுத்து நீட்டாமல் ஒட்டுங்கள், மேலே தெளிவான லேமினேஷன் இருக்கட்டும். இல்லாவிட்டால் மழை பெய்யும்போது துளைகள் நிரம்பி, உள்ளிருப்பவருக்குத் தெரு மங்கிவிடும். காற்று வெளியேறும் வாய்க்கால்கள் கொண்ட பசையுள்ள வினைலுக்கும் உலர்முறையே பொருந்தும்.

படம் ஒரே ரோல் அகலத்தில் அடங்காதபோது பலகங்களை ஏறக்குறைய அரை அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்ட வேண்டும். மேலும் கீழுமாக அமையும் பலகங்களில் கீழ்ப்பலகத்தை முதலில் ஒட்டி, மேல்பலகம் அதன் மேல் இறங்குமாறு வையுங்கள். அப்போதுதான் மழைநீர் இணைப்புக்குள் புகாது. சிறு குமிழிகளை ஊசியால் குத்தி விரலால் அழுத்துங்கள். பிளேடால் கீறினால் அந்தக் கீறல் நாளடைவில் வாய் பிளக்கும். மடிப்பு விழுந்தால் உடனே தூக்கித் திரும்ப ஒட்டுங்கள்.

ஏசிபி பலகைக்கு உயரத்தில் நின்று வேலை செய்ய வேண்டியிருக்கும். முகப்பை ஒட்டிச் செல்லும் ஈபி வயர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு ஏணியைச் சாயுங்கள், ஒளிரும் பலகை என்றால் மெயினை அணைத்துவிடுங்கள், ஏணியைப் பிடிக்கத் தனியாக ஒருவரை நிறுத்துங்கள்.

ஒட்டிய பிறகு

பசை முழுப்பிடிப்பை அடைய 24 முதல் 72 மணி நேரம் ஆகும். அதுவரை கண்ணாடியைக் கழுவக் கூடாது என்று கடைப் பையனிடமும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனெனில் திறப்பு நாளன்று வாளித் தண்ணீரோடு வருபவர் அவர்தான். சந்தனமும் குங்குமமும் எழுத்தின் மேல் படாமல் கண்ணாடியின் வெற்றிடத்தில் வைக்கச் சொல்லலாம். வெள்ளை வினைலில் குங்குமக் கறை எளிதில் போகாது. பின்னாளில் துடைக்க மென்மையான துணியும் இலேசான சோப்புத் தண்ணீரும் போதும்.

பழைய வினைலை எடுக்கும் வேலையும் உங்களிடமே வரும். ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூடு கொடுத்து, ஒரு மூலையைக் கிளப்பி, பரப்போடு படிந்தாற்போல் மெல்ல இழுங்கள். வேகமாக இழுத்தால் பசை முழுவதும் பின்தங்கிவிடும். காய்ந்து நொறுங்கும் வினைலைக் கண்ணாடியில் ஈரப்படுத்திச் சுரண்டலாம். ஏசிபியில் வேறொரு தொல்லை உண்டு: பல ஆண்டு வெயிலில் சுற்றுப்புற நிறம் மங்கியிருக்க, எழுத்துக்கு அடியில் மட்டும் பழைய நிறம் அப்படியே நிற்பதால், உரித்த பிறகும் முந்தைய கடையின் பெயரைப் படிக்க முடியும். ஆகவே புதிய வடிவத்துக்கு விலை சொல்வதற்கு முன், பழைய எழுத்தில் ஒன்றை உரித்துப் பார்த்து, வெறும் எழுத்து போதுமா, முழுப்பலகையையும் மூடும் அச்சு வேண்டுமா, ஷீட்டையே மாற்ற வேண்டுமா என்பதை உரிமையாளரோடு பேசி முடிவு செய்யுங்கள்.